"நீங்க துன்னுங்க, நான் அப்புறம் துன்றேன்"

வேலூர்ப் பக்கத்தில் ராத்திரி எட்டரை மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். அடுப்பங்கரையிலிருந்து வரும் குரல். சொல்கிறவர் கையில் தோசைத் திருப்பி. கூடத்தில் ஒரு பிள்ளை இரண்டாவது தோசைக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று சாப்பிட்டுக் கை கழுவிவிட்டது. வீட்டுக்காரர் அப்போதுதான் குளித்துவிட்டு வருகிறார். ஆயா ஏழு மணிக்கே கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தாயிற்று. அந்த "அப்புறம்" எத்தனை மணிக்கு வரும் என்று யாரும் கேட்பதில்லை. ஒன்பதரைக்குப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் மாவை வழித்து ஊற்றி, சட்னிக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அடுப்பு மேடையில் சாய்ந்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டு முடிப்பதுதான் அந்த "அப்புறம்".

குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிடுங்கள் என்ற புத்திமதிக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சொல்கிறார்கள், குழந்தை மருத்துவர் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு சேர்ந்தே வருகிறது. எல்லாரும் கூண்டில் ஏற்றுவது டிவியையும் போனையும்தான். அவற்றின் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிய வீட்டிலும் தோசை ஒன்று ஒன்றாகத்தான் வரும். ஒருத்தர் நின்றுகொண்டுதான் இருப்பார். ஒரு வீடு சேர்ந்து சாப்பிடுமா, தனித்தனியாகச் சாப்பிடுமா என்பதில் பாதிக்கு மேல் சாயங்காலம் ஆறு மணிக்கே, இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று முடிவு செய்யும்போதே தீர்ந்துவிடுகிறது. இதை யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்குள் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

தோசைக்கல்லின் கணக்கு

வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு மூன்று தோசை என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து தோசை. கல்லைத் துடைத்து, மாவை ஊற்றித் தேய்த்து, எண்ணெய் விட்டு, திருப்பி, எடுத்துப் போட ஒரு தோசைக்கு இரண்டரை நிமிடம். மொத்தம் முப்பத்தேழு, முப்பத்தெட்டு நிமிடம் ஆகிறது. சாப்பிடுகிறவருக்கோ ஒரு தோசைக்கு மூன்று நிமிடம் போதும். ஐந்து பேரையும் ஒன்றாக உட்கார வைத்து ஆளுக்கு ஒன்றாகச் சுற்றி வந்தால், முதல் தோசையை முடித்தவர் அடுத்ததற்குப் பத்து நிமிடம் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையும் அப்படி இருக்காது. அதனால் சுடுகிறவர் தானாகவே ஒரு முறைக்கு வந்துவிடுகிறார்: ஒருத்தருக்கு முழுசாகப் போட்டு அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது. வரிசையாகப் பிரிந்து சாப்பிடும் பழக்கத்தை அந்த வீட்டுக்கு அந்தக் கல்தான் கற்றுக்கொடுக்கிறது.

இரண்டு அடுப்பில் இரண்டு கல் போட்டால் இருபது நிமிடத்துக்கு இறங்கும், ஆனாலும் நிற்பவர் நிற்பவர்தான். அதே மாவை இட்லியாக ஊற்றிப் பாருங்கள். நான்கு குழித் தட்டு நான்கு வைக்கும் பாத்திரத்தில் ஒரே தடவையில் பதினாறு இட்லி, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். வேகும் நேரத்தில் சட்னியைத் தாளித்து, தட்டுகளை எடுத்து வைத்து, எல்லாரையும் கூப்பிட்டு உட்காரலாம். இட்லியை எடுக்கும்போது அடுப்பும் அணைந்திருக்கும். மாவும் சட்னியும் மாறவில்லை, நின்றுகொண்டிருந்தவருக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்துவிட்டது. சப்பாத்தியும் இப்படி ஆகும், ஆனால் ஒருத்தர் தேய்க்க ஒருத்தர் சுட வேண்டும். சுட்டதை ஹாட்பாக்ஸில் அப்படியே போட்டால் ஆவி மூடியில் முத்துமுத்தாகச் சேர்ந்து சொட்டி, அடிச் சப்பாத்தி நாலும் நொசநொசத்துப் போகும். உள்ளே பருத்தித் துணியை விரித்து, அதன் மேல் அடுக்கி, துணியால் மூடி, பிறகு மூடியைப் போட்டால் அரைமணி நேரம் மெத்தென்று இருக்கும். இருபதும் சுட்டு முடித்துவிட்டு எல்லாரும் உட்காரலாம்.

தோசையைக் குறை சொல்வது வேலூரில் பாவம்தான். வீட்டில் தோசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரும் ஒன்றாக இருக்க முடியாத நாளுக்கு அது பொருத்தமான பலகாரம். எல்லாரும் வீட்டில் இருக்கும் நாளில் அதைப் போடுவதுதான் தப்பு.

எப்போது மாறியது

வேலூர் சேர்ந்திருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் தோசை அன்றாட உணவு இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும் சுட்டார்கள். ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலான குடியானவர், கூலிக்காரர் வீடுகளில் கேழ்வரகுக் களியும் ஒரு குழம்பும். ஆட்டுக்கல்லில் தினமும் மாவாட்ட எந்தப் பெண்ணுக்கும் தெம்பும் கிடையாது, நேரமும் கிடையாது. அரிசிக்கும் காசு வேண்டும். ரேஷனில் 2008-இல் கிலோ அரிசி ஒரு ரூபாய் ஆனது. 2011-இல் விலையில்லா அரிசியானது. அதே 2011-இல் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் வந்தது. அரிசி வந்தது, அரைக்கும் இயந்திரமும் வந்தது. ஃபிரிட்ஜும் சேர்ந்துகொண்டபோது ஒரு தடவை ஆட்டிய மாவு நாலு நாளைக்கு ராத்திரிச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டது.

அந்தக் கிரைண்டர் பெண்களுடைய தோளையும் மணிக்கட்டையும் காப்பாற்றியது. பழைய காலம் திரும்ப வேண்டும் என்று அங்கலாய்க்கிறவர்கள் ஒரு படி அரிசியை ஆட்டுக்கல்லில் ஆட்டிப் பார்க்கட்டும். ஆனால் ஆட்டும் வேலை போன இடத்தில் நின்று சுடும் வேலை வந்து உட்கார்ந்துகொண்டதை நாம் கவனிக்கவில்லை. களி போன இடத்தில் களியோடு இருந்த இன்னொன்றும் போயிற்று. களி யாருக்காகவும் காத்திருக்காது, அதனால் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தாக வேண்டும். சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று அந்த வீடுகளில் யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. பானை எடுத்தது.

களி கிண்டுவது

ஐந்து பேருக்கு ஒரு டம்ளர் அரிசி நொய், மூன்று டம்ளர் கேழ்வரகு மாவு, ஒன்பது டம்ளர் தண்ணீர். எல்லாம் ஒரே டம்ளரால் அளந்தது, சுமார் 200 மில்லி பிடிப்பது. நொய்யைக் களைந்து அரைமணி ஊற வைத்து, அடி கனமான பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் போட வேண்டும். பதினைந்து நிமிடத்தில் குழைந்துவிடும். விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது. உப்பு போட்டு, இரண்டு கரண்டி மாவை மட்டும் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறிவிட்டால் பின்னால் கட்டி தட்டுவது பெரிதும் குறையும். கொதிக்கும் நீரில் இரண்டு டம்ளர் அளவு மொண்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மீதி மாவை நடுவில் கோபுரமாகக் கொட்ட வேண்டும்.

இங்கேதான் புதிதாகச் செய்கிறவர் எல்லாரும் தவறு செய்வார்கள், மாவு விழுந்ததும் கை பரபரவென்று கிளறப் போகும். கிளறக் கூடாது. களி கிண்டும் மரத் துடுப்பின் காம்பால் மாவுக் குவியலில் அடி வரைக்கும் நாலைந்து குழி குத்தி, தணலைக் குறைத்து, மூடிவைத்து எட்டு நிமிடம் விட்டுவிட வேண்டும். குழிகள் வழியாக நீர் பொங்கி மேலே ஏறி மாவை நனைக்கும். கொதி "பொளக் பொளக்" என்று கெட்டியான சத்தமாக மாறும். அதற்குள் கிளறினால் உள்ளே வேகாத மாவோடு கட்டி நிற்கும், எத்தனை அழுத்தினாலும் உடையாது, களி பச்சை மாவு வாடை அடிக்கும்.

எட்டு நிமிடம் ஆனதும் பாத்திரத்தை இறக்கிப் பிரிமணை (வைக்கோல் வளையம்) மேல் வைத்துக் கிண்ட வேண்டும். இதைத் தனியாளாகச் செய்ய முடியாது. களி இறுகும்போது பாத்திரம் துடுப்போடு சுழலும். அந்தக் காலத்தில் கவைபோல் பிளந்த கோலால் பானையின் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். இன்றைக்கு கனத்த துணியால் இரண்டு காதையும் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். பத்து வயதுக்கு மேல் ஆன பிள்ளை, வீட்டுக்காரர், மாமனார், யாரானாலும் சரி. கிண்டுகிறவர் துடுப்பை நிமிர்த்திப் பிடித்து மாவைப் பாத்திரத்தின் சுவரோடு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து நசுக்க வேண்டும். இறுகிப்போனால் மொண்டு வைத்த வெந்நீரில் கொஞ்சம் விடலாம். தளர்ந்துபோனால் மட்டும் புது மாவைக் கொட்டாதீர்கள், அது வேகாது. திரும்ப அடுப்பில் வைத்துச் சிறு தீயில் மூன்று நிமிடம் வற்ற விடுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். கிண்ணத்தின் உட்புறத்தைத் தண்ணீரால் நனைத்து, ஒரு கரண்டி களியைப் போட்டு ஒரு சுழற்று சுழற்றினால் வழவழவென்று உருண்டையாகிவிடும். சாத்துக்குடி அளவில் ஒன்பது வரும்.

இனி நேரம் ஓட ஆரம்பிக்கிறது. சூடாக இருக்கும் வரைக்கும்தான் களி இளகி நிற்கும். அரைமணி நேரத்தில் மேலே தோல் கட்டி, உள்ளே இறுகி, தொண்டையில் இறங்க மறுக்கும். கட்டை விரலால் ஒரு வாய் அளவு கிள்ளி, நடுவில் குழித்து, அந்தக் குழியில் குழம்பைத் தோய்த்து எடுத்து, மெல்லாமல் முழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும், ருசியும் தெரியாது. சின்னப் பிள்ளைகளுக்கு இதைப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டித்தான் சொல்லித்தர முடியும், அடுப்பங்கரையிலிருந்து கத்திச் சொல்ல முடியாது.

குழம்பு முன்னாலேயே ஆகியிருக்க வேண்டும். முருங்கைக்கீரையோ புளிச்சக்கீரையோ பூண்டு, பச்சை மிளகாய் போட்டுக் கடைந்தது ஆகட்டும், வேர்க்கடலைச் சட்னி ஆகட்டும், கருவாட்டுக் குழம்பு ஆகட்டும், எல்லாம் முன்னால் செய்து வைத்தாலும் கெடாத வகை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் கருவாட்டோடு அதைப் போடுவதற்கு ஈடே கிடையாது. ஏழரைக்குக் குழம்பு இறங்கினால், ஏழே முக்காலுக்கு நொய், எட்டுக்கு மாவு, எட்டேகாலுக்கு உருண்டை. எட்டேகால் என்றால் எட்டேகால். நடுவில் வைத்தபின் எழுந்து போய்ச் சுட வேண்டியது எதுவும் மிச்சமில்லை. "எம்மா, நீயும் குந்தும்மா" என்று பிள்ளை சொன்னால், மறுப்பதற்கு அவர் கையில் அன்றைக்கு ஒரு காரணமும் இருக்காது.

உருண்டைக்கு இன்னொரு குணமும் உண்டு, எண்ணிக்கை தெரியும். ஒன்பது உருண்டை, ஐந்து பேர். யாருக்கு எத்தனை போயிற்று, யாருக்கு இல்லை என்பது நடுத்தட்டிலேயே தெரிந்துவிடும். தோசையில் அது தெரியாது, மாவு தீர்ந்தால் "எனக்குப் பசியில்லை" என்ற ஒரு சொல்லில் மறைந்துவிடும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019-21, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை என்கிறது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் கீரையும் கறித்துண்டும் முதலில் உட்கார்ந்தவர் தட்டுக்குப் போய், கடைசியில் சாப்பிடுகிறவருக்குக் குழம்புத் தண்ணீர் மட்டும் மிஞ்சும் வீடுகளில், உட்காரும் வரிசையும் அந்தக் காரணங்களில் ஒன்று என்றே நினைக்கிறேன்.

இதே ஏற்பாட்டை ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு முஸ்லிம் வீடுகளில் ரம்ஜான் மாதம் முழுக்கப் பார்க்கலாம். பாங்கு சொல்வதற்குள் நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் பலகாரமும் தஸ்தர்கான் விரிப்பில் வந்துவிட வேண்டும். சமைத்தவரும் நோன்பிருந்தவர்தான், அவரும் அந்த நிமிடத்தில் அங்கே உட்கார்ந்து நோன்பு திறந்தாக வேண்டும். "அப்புறம்" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

ஷிஃப்ட் வீடுகள்

எட்டேகால் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் காலையில் ஏ ஷிஃப்ட், மதியத்துக்கு மேல் பி ஷிஃப்ட், ராத்திரி சி ஷிஃப்ட் என்று வாரத்துக்கு வாரம் மாறுகிறவர் இருக்கிறார். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குக் காலையில் வேன் ஏறிப் பொழுது சாய்ந்து இறங்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் நர்சுகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. இவர்களிடம் தினமும் சேர்ந்து சாப்பிடச் சொல்வது கொடுமை.

தினமும் வேண்டியதும் இல்லை. 2011-இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் 17 ஆய்வுகளைத் தொகுத்து, 1,82,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை அலசிய கட்டுரை ஒன்று வந்தது. வாரத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ குடும்பத்தோடு சாப்பிடும் பிள்ளைகள் சரியான எடையில் இருப்பதும், சத்தானதைச் சாப்பிடுவதும் கூடுதலாகத் தெரிந்தது. சேர்ந்து உட்கார நேரம் கிடைக்கும் வீட்டில் மற்ற வசதிகளும் இருக்கலாம், அதனால் எல்லாப் பெருமையையும் சாப்பாட்டுக்கே எழுதிவிட முடியாது. ஆனால் அந்த "மூன்று" நமக்கு எட்டுகிற எண். ஏழு என்றால் இரண்டாவது வாரமே கைவிட்டுவிடுவோம்.

அந்த மூன்றும் ராத்திரியாக இருக்க வேண்டியதில்லை. ஷிஃப்ட் அட்டவணை கைக்கு வந்த அன்றே காலண்டரில் மூன்று வேளையைக் குறித்துவிடுவது நல்லது. ஏ ஷிஃப்ட் வாரத்தில் ராத்திரி எளிது. பி ஷிஃப்ட் வாரத்தில் ராத்திரியை மறந்துவிட்டுக் காலை ஏழேகாலைப் பிடியுங்கள். பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன்னால், முந்தின நாள் தண்ணீரில் போட்ட களியை மோரில் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடிக்கப் பதினைந்து நிமிடம் போதும், சமையலும் கிடையாது. ஞாயிறு மதியத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள். கறி எடுக்கப் போனவர் திரும்பி வர, குக்கர் இறங்க மூன்று மணி ஆகிவிடும். அதற்குள் பிள்ளைகள் பிஸ்கட்டில் வயிற்றை நிரப்பியிருப்பார்கள்.

வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருந்தால் எல்லாக் கணக்கும் அவரிலிருந்துதான் தொடங்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடும் வகையாக இருந்தால், ஊசி போட்டபின் யாருக்காகவும் அவர் காத்திருக்கக் கூடாது, சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அவருக்கு ஏழரை என்றால் வீட்டுக்கே ஏழரை. தாமதமாகிறவருக்கு எடுத்து வைத்துவிட்டு மற்றவர்கள் உட்கார வேண்டியதுதான். களி சர்க்கரைக்காரருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. அது தப்பு. களியும் மாவுச்சத்துதான், நொய் வேறு சேர்கிறது. அவருக்கு ஒரு உருண்டை, கீரை இரண்டு கரண்டி.

உட்காரும் இடம்

சுவரோடு ஒட்டிப் போட்ட நாலு நாற்காலி மேசையில் மூன்று பேர்தான் உட்கார முடியும். நாலாவது ஆள் நிற்பார், அது யார் என்று சொல்லத் தேவையில்லை. கூடம் பத்துக்குப் பத்து இருந்தால் பாயை விரித்து ஆறு பேர் வட்டமாகத் தாராளமாக உட்காரலாம். சம்மணம் போட்ட ஆளுக்கு இரண்டு, இரண்டரை அடி போதும். முட்டி வலிக்கிறவருக்கு ஒரு பலகையோ முக்காலியோ போட்டு, அவர் தட்டைச் சின்ன ஸ்டூலில் வையுங்கள், வட்டத்துக்கு வெளியே தள்ளாதீர்கள். பந்தி மாதிரி வரிசையாக உட்காரவே கூடாது, வரிசை என்றால் பரிமாற ஒரு ஆள் நிற்க வேண்டும். குழம்புச் சட்டி, களித் தட்டு, தண்ணீர்ச் சொம்பு, கரண்டி, உப்பு, கூடவே கை துடைக்கத் துணி, எல்லாம் நடுவில் வந்த பிறகுதான் கூப்பிட வேண்டும். பாதி ஆனதும் "வாங்க" என்று கூப்பிட்டால் வருவார்கள், இல்லை என்று தெரிந்து போய்விடுவார்கள், மறுபடி கூப்பிடும்போது நம்ப மாட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் மார்க் ஷீட்டை எடுக்காதீர்கள். வட்டிக்காரன் வந்து போனதையும் நாத்தனார் சொன்னதையும் எடுக்காதீர்கள். வாரம் முழுக்கத் தனித்தனியாக இருந்த பிள்ளை, உட்கார்ந்தால் திட்டு விழும் என்று ஒரு தடவை கற்றுக்கொண்டால், அடுத்த தடவை "டியூஷன்லயே துன்னுட்டேன்" என்று சொல்லிவிடும். பேச்சு தானாக வரட்டும். வராவிட்டாலும் பரவாயில்லை, களியை முழுங்கும் சத்தம் மட்டும் கேட்கும் ராத்திரிகளும் நல்ல ராத்திரிகள்தான்.

கடைசியாக ஒரு உருண்டை. ஒன்பதில் ஒன்றை முதலிலேயே எடுத்து, ஆறியதும் மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட வேண்டும். சி ஷிஃப்ட் முடிந்து காலை ஆறரைக்கு வீடு திரும்புகிறவருக்கு அது. அவர் கை கால் கழுவி வருவதற்குள் களியைக் கையால் பிசைந்து, கெட்டி மோர் ஊற்றி, உப்புப் போட்டு, ஊறுகாய் மிளகாயோடு வைத்துவிட்டு, எழுந்து போகாமல் எதிரில் உட்காருங்கள். கையில் ஒரு டம்ளர் காப்பி இருந்தால் போதும். அவர் குடித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகும்.